வால் உடைந்த மூன்று

லாரல் கிரீக், கென்டக்கி
14 மார்ச் 1993

பாப்பா நெல்டாவுக்கு,

அண்ணன் எழுதுறேன். நான் நல்லாத்தான் இருக்கேன். முழங்கால் மட்டும் மழை வர்றதுக்கு முன்னாடியே சேதி சொல்லிடுது. நீ எப்படி இருக்க? நாள் பூரா இருட்டு ரூம்ல உக்காந்து படச்சுருளைப் பாத்துக் கண்ணைக் கெடுத்துக்காத. நம்ம குடும்பத்துல காலேஜ் முடிச்சது நீ ஒருத்திதான், கண்ணாவது மிஞ்சட்டும்.

விஷயத்துக்கு வரேன். செப்டம்பர்ல லேபர் டே அன்னைக்கு ஃபேர்லியில, அப்பாவும் நானும் வேலை பாத்த பழைய ஹாலோவே கார் தொழிற்சாலை மைதானத்துல கார் கண்காட்சி வைக்கிறாங்களாம். பிறந்தப்போ இருந்த எஞ்சினோடவே இருக்கிற வண்டிகளுக்குத் தனி வரிசை. அப்பாவோட கெஸ்ட்ரல் காரைக் கொண்டுபோய் நிறுத்தப் போறேன். முன்னாடி ஒரு பலகை: 'எல்பர்ட் டாக்கெட், எஞ்சின் பிரிவு. 1969-ல் இவரே வாங்கியது.' ஆனா அந்த வரிசைக்கு நீ வேலை பாக்குற பதிவகத்துச் சான்றிதழ் வேணுமாம்.

கிளிஃப்டன் இருக்கானே, நம்ம பெரியம்மா மகன், போன வாரம் மளிகைக் கடையில எல்லார் முன்னாடியும், "என்ன ராய்ஸு, உங்கப்பன் குடிச்சு மிச்சம் வெச்ச எஞ்சினா?"ன்னு கேட்டான். அம்மா ஆரம்பிச்சு வெச்ச பேச்சு. 'எஞ்சினையே வித்துக் குடிச்ச மனுஷன்'னு சாகுற வரைக்கும் சொன்னா. சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சாளாம்! எஞ்சினைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? அப்பாவைப் புதைச்ச அன்னைக்கே அதைச் சொன்னா. அன்னைக்கு அந்த வீட்டை விட்டு இறங்கினவன்தான் நான். நான் இறங்கினது சரிதான்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடு பாப்பா. அது போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

ராய்ஸ் அண்ணன்

---

ஃபேர்லி, மிச்சிகன்
25 மார்ச் 1993

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் முழங்காலுக்கு, அம்மா அந்தக் காலத்தில் போடும் கற்பூரத் தைலத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இங்கே இன்னும் பனி உருகவில்லை. மதிய உணவுக்கு நான் கொண்டுபோகும் பீன்ஸ் சூப்பையும் சோள ரொட்டியையும் அலுவலகத்தில் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். "நெல்டா, நீ எந்த ஊர்ப் பேச்சு பேசுற?" என்று இன்றும் ஒருவர் கேட்டார். நான் சிரித்து வைத்தேன். பதில் வாய் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது.

அப்பாவின் வண்டி கிடைத்துவிட்டது. எங்களிடம் இருப்பது தொழிற்சாலையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு வண்டிக்கும் எடுத்த குறிப்பின் படச்சுருள். வண்டி எண்ணைப் போட்டுத் தேடினேன். நீல நிறம், நான்கு கியர், எஞ்சின் குறியீடு KH. அந்த வருடம் செய்ததிலேயே வலிமையான எஞ்சின் அதுதான். அந்த வரி திரையில் வந்தபோது அதை அப்படியே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

எஞ்சினின் முன்பக்கம், சிலிண்டர் மூடிக்குக் கீழே, விரல் அகலத்துக்கு ஒரு தட்டையான இடம் இருக்கும். அங்கே பொறித்த எண் படச்சுருளில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். அந்த இடத்தைக் கிட்டத்திலிருந்து படமெடுத்து அனுப்புங்கள். எங்கள் மேலாளர் திருமதி பெல்னாப் அதைப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டார்.

மே மாதம், கல்லறைகளுக்கெல்லாம் பூ வைக்கும் அலங்கார ஞாயிறு வருகிறது. எனக்கு விடுப்பு கிடைக்காது. மலைமேல் அம்மாவின் கல்லறையில் புல்லைச் செதுக்கிக் கொஞ்சம் பூ வைக்க முடியுமா? உங்கள் வீட்டிலிருந்து தெரியும் தூரம்தானே.

உங்கள் படத்துக்காகக் காத்திருக்கும்,
நெல்டா

---

லாரல் கிரீக்
11 ஏப்ரல் 1993

பாப்பாவுக்கு,

தைலம் வந்துச்சு. வாசனை அப்படியே பழைய வீடு. நன்றி. நீ சாப்பிட்டுத் தூங்கி நல்லா இருப்பேன்னு நம்புறேன்.

KH! நான் சொன்னேன்ல? கடிதத்தை எடுத்துக்கிட்டு நேரா மளிகைக் கடைக்குப் போனேன். கிளிஃப்டன் படிச்சுட்டு, "இது வண்டி பிறந்த கதை. வளர்ந்த கதை எங்க?"ங்கிறான். வாயில ஈ போனாலும் மூடமாட்டான். "படம் அனுப்பப் போறேன், வரும்டா வளர்ந்த கதையும்"னு சொல்லிட்டு வந்தேன்.

படம் இதோட வெச்சிருக்கேன். இருபது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் காமிராதான். அவர் டார்ச் பிடிச்சார், நான் தலைகீழாத் தொங்கி எடுத்தேன். நம்பர் தெரியுதான்னு பாரு.

மத்தபடி இங்க எல்லாம் சுகம். டாக்வுட் மரமெல்லாம் பூத்திருச்சு.

அண்ணன்

---

ஃபேர்லி
20 ஏப்ரல் 1993

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. டார்ச் பிடித்தவருக்கும் என் வணக்கம்.

படத்தில் எண்கள் பிசுக்குக்குள் மங்கலாகத்தான் தெரிகின்றன. திருமதி பெல்னாப் ஒரு நொடி பார்த்துவிட்டு, "சுத்தம் பண்ணி இன்னொண்ணு எடுக்கச் சொல்லும்மா" என்று நகர்ந்துவிட்டார். நம் வண்டி என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அந்த இடத்தைச் சுத்தம் செய்து இன்னொரு படம் அனுப்புங்கள். அவசரமில்லை, லேபர் டேவுக்கு நாள் இருக்கிறது.

டாக்வுட் பூத்ததைச் சொன்னீர்கள். கல்லறைப் பக்கம் போனதைச் சொல்லவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள்.

அன்புடன்,
நெல்டா

---

ஃபேர்லி
2 மே 1993

மதிப்புக்குரிய ஹோபர்ட் சித்தப்பாவுக்கு,

உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? நாக்ஸ்வில் முதியோர் இல்லத்தில் உங்களுக்கு ஜன்னலோர அறை கிடைத்ததாக அண்ணன் சொன்னார். நான் எல்பர்ட் டாக்கெட்டின் மகள். என்னைக் கடைசியாகப் பார்த்தபோது நான் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டிருந்திருப்பேன். இன்றும் பெரிய மாற்றமில்லை.

அப்பாவும் நீங்களும் எஞ்சின் பிரிவில் அடுத்தடுத்து நின்று வேலை செய்த நண்பர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கெஸ்ட்ரலின் எஞ்சின் எண்ணை அண்ணன் படமெடுத்து அனுப்பினார். அது மங்கலாக இருக்கிறது என்று அவருக்கு எழுதிப் போட்ட பிறகு, மனம் கேட்காமல், எங்கள் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். எண் சரிதான். ஆனால் தொழிற்சாலையில் அந்த இடத்தை இழைக்கும் இயந்திரம் முடி போன்ற மெல்லிய கோடுகளை விட்டுச் செல்லும். அவற்றின் மேல்தான் எண்ணைப் பொறிப்பார்கள். இதில் அந்தக் கோடுகள் இல்லை. யாரோ அரத்தால் தேய்த்த தடம்தான் இருக்கிறது. எண்கள் நேர்வரிசையில் இல்லை, மேலும் கீழுமாக நிற்கின்றன. இரண்டு 'மூன்று' வருகிறது. இரண்டுக்குமே ஒரே இடத்தில் வால் உடைந்திருக்கிறது. அதே வாரத்தில் பொறித்த வேறு எஞ்சின்களின் படங்களை எடுத்துப் பார்த்தேன். எதிலும் இப்படி ஒரு மூன்று இல்லை.

அம்மா சொன்னது உண்மையா சித்தப்பா? அதைப் பொய்யென்று நம்பித்தான் அண்ணன் அவள் இருக்கும்வரை அவள் முகத்தில் விழிக்கவில்லை. அம்மாவின் அடக்கத்தன்றுகூட மலையடியில் கல்லறை வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாரே தவிர மேலே ஏறி வரவில்லை. நானும் இறங்கிப் போய் அழைக்கவில்லை.

நான் கேட்டதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்களை மறக்காத,
நெல்டா

---

லாரல் கிரீக்
6 ஜூன் 1993

பாப்பாவுக்கு,

சுகம்தானே? பதில் போட நேரமாயிருச்சு. வேலை.

நீ சொன்னபடி சுத்தம் பண்ணிட்டேன். சும்மா மண்ணெண்ணெய்த் துணி போதாதுன்னு தேய்ப்புச் சக்கரம் வெச்சுத் தேய்ச்சேன். கண்ணாடி மாதிரி ஆயிருச்சு, முகம் பாத்துச் சவரம் பண்ணலாம். நம்பர் தெளிவாத் தெரியும். படம் உள்ள இருக்கு.

அலங்கார ஞாயிறு அன்னைக்கு இங்க மழை.

அம்மா சொன்னது, கிளிஃப்டன் சொன்னது இதெல்லாம் இனிமே பேச வேணாம். அவங்கவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னாங்க.

உடம்பைப் பாத்துக்க.

ராய்ஸ்

---

ஃபேர்லி
15 ஜூன் 1993

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன்.

சான்றிதழ் கிடைக்காது அண்ணா. எண் பதிவோடு பொருந்துகிறது, அதை மட்டும் எழுதித் தருவார்கள். அந்த இடத்தில் இயந்திரம் விட்ட கோடுகள் இருந்தால்தான் அது பிறந்தபோது இருந்த எஞ்சின் என்று சொல்ல முடியும். தேய்த்தால் கோடுகள் போய்விடும். 'மேற்பரப்பு தேய்க்கப்பட்டுள்ளதால் உறுதி செய்ய இயலவில்லை' என்று திருமதி பெல்னாப் எழுதச் சொன்னார். அதை நானே தட்டச்சு செய்தேன்.

தவறு உங்களுடையது அல்ல. 'சுத்தம் செய்யுங்கள்' என்று மட்டும் எழுதினேன். எதைக்கொண்டு, எவ்வளவு என்று எழுதவில்லை. தினமும் இதே வேலையைச் செய்பவள் அதை மறந்திருக்கக் கூடாது. யார் கேட்டாலும், என் தங்கை சொல்லித்தான் செய்தேன் என்று சொல்லுங்கள். கிளிஃப்டனிடமும் அப்படியே சொல்லுங்கள்.

அந்தக் கோடுகள் இல்லாததால் அப்பா எதுவும் செய்தார் என்று ஆகிவிடாது. யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான். பலகையை வைத்துக்கொண்டு பொது வரிசையில் நிறுத்தலாம். வருவீர்களா?

மன்னிப்புக் கேட்கும்,
நெல்டா

---

நாக்ஸ்வில், டென்னசி
19 ஜூலை 1993

நெல்டா கண்ணுக்கு,

கை நடுங்குது. இங்க இருக்கிற நர்ஸ் பொண்ணை உக்கார வெச்சு நான் சொல்லச் சொல்ல அவ எழுதுறா. மூச்சு ஏதோ ஓடிக்கிட்டிருக்கு. உன் கடிதம் வந்து ரொம்ப நாளாச்சு. சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சே போயிருச்சு. உங்கப்பன்கிட்ட வாக்குக் குடுத்திருந்தேன்.

உங்கம்மா சொன்னது நெசம். ஆனா பாதி நெசம்.

எழுபத்தொண்ணுல பெரிய வேலைநிறுத்தம் நடந்துச்சே, அந்தக் குளிர்காலம். உங்கம்மா ஐடாவுக்கு வயித்துல கட்டி. சம்பளம் இல்ல, காப்பீடும் நின்னு போச்சு. எல்பர்ட் அந்த எஞ்சினை டொலீடோ ஊர்க் கார் ரேஸ்காரன் ஒருத்தனுக்கு வித்தான். எறக்கும்போது சங்கிலியைப் பிடிச்சது நான். ஆபரேஷனுக்குக் கட்டிட்டு, "யூனியன் குடுத்துச்சு"ன்னு அவகிட்ட சொன்னான். நெசத்தைச் சொல்லியிருந்தா அவ ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு எறங்கி நடந்திருப்பா. அவளைப் பத்தி உனக்குத் தெரியாததா?

மிச்சத்தைக் குடிச்சான். அதையும் சொல்லிடணும். அவனை நான் புனிதராக்க மாட்டேன்.

பழைய இரும்புக் கடையில சாதா எஞ்சின் ஒண்ணு வாங்கி, அரத்தால தேய்ச்சு, தன்னோட நம்பர் அச்சுகளை வெச்சுப் பழைய நம்பரையே அடிச்சான். "எவன்டா பாக்கப் போறான்?"னு கேட்டேன். "நம்ம ஆளுங்க வண்டி மூடியைத் தூக்கினா என் மூஞ்சியைப் பாக்குறதுக்கு முன்னாடி நம்பரைத்தானே பாப்பானுங்க. அவனுங்க பாத்தாக்கூடப் போகட்டும், ராய்ஸு பாக்கக் கூடாது. எங்கப்பா வண்டி எஞ்சின்தான் பெருசுன்னு ஸ்கூல் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறான்"ன்னான். அந்த வால் உடைஞ்ச மூணு அவனோடதுதான். ஒரு தடவை என் பெட்டி மேல போட்டு அவனே உடைச்சது.

ஐடா வீட்டுக்கு வந்து, வண்டியைக் கிளப்பின சத்தம் கேட்டதுமே, "இது வேற"ன்னுட்டா. "குடிச்சியா?"ன்னா. அவன் வாயே திறக்கல. பாதி நெசமா இருந்ததால முழுசையும் ஒத்துக்கிட்டான், மடையன்.

ராய்ஸுக்கு இதைச் சொல்லணுமா வேணாமா, அது உன் பாடு. எனக்குச் சொல்லத் தெரியல.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

ஹோபர்ட் சைஸ்மோர்

---

லாரல் கிரீக்
12 செப்டம்பர் 1993

நெல்டாவுக்கு,

சுகம். நீயும் சுகமா இருப்பே.

கண்காட்சிக்கு நான் வரல, கோவிச்சுக்காத. வண்டியை அவ்வளவு தூரம் ஓட்ட மனசில்ல. கிளிஃப்டன் கேட்டான். "நான்தான் தேய்ச்சுக் கெடுத்துட்டேன்"னு சொன்னேன். ஒரு வாரம் சிரிச்சான். அப்புறம் அவனுக்கே போரடிச்சுருச்சு. உன் பேரை இழுக்கல. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. அதை மனசுல வெச்சுக்கிட்டுச் சாப்பிடாம இருக்காத.

கொட்டகையை ஒழிக்கிறேன். அப்பாவோட அச்சுப் பெட்டியைத் தபால்ல அனுப்பியிருக்கேன். எனக்கு அது எதுக்கு? இந்த வீட்டுல வெச்சுக்கப் பிடிக்கல. தூக்கிப் போடவும் கை வரல. நீ பத்திரமா எங்கயாவது வெச்சுரு. திறக்கணும்னு இல்ல.

ராய்ஸ்

---

ஃபேர்லி
26 செப்டம்பர் 1993

அன்புள்ள அண்ணா,

எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை இதைப் பழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

பெட்டி வந்தது. நான் திறந்தேன்.

'மூன்று' எண்ணுக்கான அச்சை எடுத்து ஒரு சோப்புக் கட்டியின் மேல் வைத்து அழுத்தினேன். பதிந்த மூன்றுக்கு வால் இல்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. நீங்கள் தொழிற்சாலை மூடும்வரை எஞ்சின் வரிசையில் நின்றவர். அந்த இடத்தில் சக்கரம் வைக்கக் கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தீர்கள். அரத்தின் தடத்தையும் அப்பாவின் வால் உடைந்த மூன்றையும் பார்த்தீர்கள். அதற்குப் பிறகுதான் சக்கரத்தை எடுத்தீர்கள். நான் பார்க்கக் கூடாது என்பதற்காக.

நான் பார்த்துவிட்டேன் அண்ணா. நீங்கள் அனுப்பிய அந்த முதல் படத்திலேயே. நீங்கள் பார்க்கக் கூடாது என்றுதான் பழியை என்மேல் போட்டுக்கொண்டேன். கோடை முழுவதும் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஆளுக்கொரு துணியால் மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஹோபர்ட் சித்தப்பாவின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஜூலையிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்ததால் அனுப்பவில்லை. பாதி தெரிந்துவிட்ட பிறகு மீதியை உங்களிடமிருந்து மறைக்க எனக்கு உரிமையில்லை. அம்மாவுக்குத் தெரியாமலே போன பாதி அதில் இருக்கிறது.

உட்கார்ந்து படியுங்கள். பதில் எழுத முடியாவிட்டால் வெறும் உறையையாவது அனுப்புங்கள்.

உங்கள்,
நெல்டா

---

லாரல் கிரீக்
7 நவம்பர் 1993

பாப்பா,

உடம்புக்கு ஒண்ணுமில்ல. எழுதத்தான் முடியல.

நேத்து மலைக்குப் போனேன். எல்லாரும் கீழ வாசல்லயே வண்டியை நிறுத்திட்டு நடப்பாங்க, உனக்குத் தெரியுமே. நான் கெஸ்ட்ரலை மேல வரைக்கும் ஓட்டிக்கிட்டே போனேன். அம்மா பக்கத்துல நிறுத்தி, மூடியைத் தூக்கி வெச்சு, எஞ்சினை ஓட விட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே ஓடுச்சு. "நீ சொன்னதுதாம்மா. சத்தம் வேறதான்"னு சொன்னேன். சத்தத்துல எனக்கே கேக்கல. அப்புறம் அணைச்சுட்டு இன்னொரு தடவை சொன்னேன்.

புல்லெல்லாம் முழங்கால் உயரம் இருந்துச்சு. கையாலயே பிடுங்கினேன்.

ஹோபர்ட் சித்தப்பா கடிதத்தைப் பையில வெச்சிருந்தேன். அவளுக்குப் படிச்சுக் காட்டணும்னுதான் எடுத்துக்கிட்டுப் போனேன். 'யூனியன் குடுத்துச்சு'ங்கிற இடம் வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல படிக்க முடியல. மடிச்சு வெச்சுட்டேன்.

மே மாசம் எப்படியாவது லீவு கேளு. வாயைத் திறந்து கேளு, குடுப்பாங்க. கீழ வாசல்ல வந்து நிக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே ஏறுவோம். மிச்சத்தை அவளுக்கு நீ படிக்கணும்.

அண்ணன்